பதினாலு படம் குறைகிறது

என் சித்தி மகனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். முப்பத்தைந்து வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதியவன். அதனால் தெருவுக்கும் உறவுக்கும் அவன் ரீடிங். நான் அவனுக்குப் பெரியம்மா மகள். அவன் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறேன். அவன் தும்மினால் எனக்குக் கேட்கும்.

சந்தேகம் அவனுக்கு வேலையோடு வந்ததா, சந்தேகம் இருந்ததால்தான் அந்த வேலை வந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரு வீட்டு வாசலை மிதிக்கும்போதே போன தடவை எழுதிய எண் அவன் மனதில் இருக்கும். மீட்டர் மேல் காந்தம் வைத்து ஓட்டத்தை நிறுத்தியவர்கள், ஈயத்தில் வைத்த சீல்களை அறுத்து ஒட்டியவர்கள் என்று எத்தனையோ பேரைப் பிடித்திருக்கிறான். அவன் அப்பா, என் சித்தப்பா, தையல்காரர். ஒரே ஆளை இரண்டு தடவை அளவெடுப்பார். முதல் தடவை ஆள் வயிற்றை எக்கியிருப்பானோ என்று.

இளம் வயதில் ரீடிங் ஒரு கேமரா வைத்திருந்தான். ஃபிலிம் போடும் கேமரா. சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியது. அதில் தன் அப்பா தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பதை எட்டுப் படம் எடுத்தான். படம் எடுக்க வந்தாலே எழுந்து போய்விடுகிற மனிதர், அன்று என்னவோ உட்கார்ந்திருந்தார். மிச்சச் சுருள் வீணாகிறதே என்று, சிநேகிதன் கல்யாணத்துக்குக் கேட்ட மச்சினனிடம் கேமராவைக் கொடுத்தான். மச்சினன் என்றால் இவன் மனைவிக்கு ஒரே தம்பி. ஃபிரிட்ஜ், ஏ.சி. பழுது பார்க்கிறவன். அவனை எல்லோரும் கூப்பிடுவது கூலிங் என்று.

திரும்பி வந்த சுருளைக் கழுவினால் முழுக்கக் கறுப்பு. “யாரோ பின்மூடியைத் திறந்திருக்காங்க, வெளிச்சம் பட்டுடுச்சு” என்று ஸ்டுடியோக்காரர் சொன்னார். கூலிங், “நான் தொடவே இல்லை” என்றான். இரண்டு மாதத்தில் சித்தப்பா போய்ச் சேர்ந்தார். இன்றைக்கு அவர் முகம் வேண்டுமென்றால் அடையாள அட்டையில் கட்டைவிரல் நகத்தளவு இருக்கிறது, அதுவும் யாரையோ முறைத்தபடி. ரீடிங் கேமராவைப் பரண்மேல் போட்டான். மச்சினனிடம் சண்டை போடவில்லை. வா, உட்கார், போய் வா. இருபத்தெட்டு வருடம் அந்த மூன்று பேச்சோடு ஓடியது.

ரீடிங் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வீட்டில் அவன் மனைவி பாடு திண்டாட்டமானது. அவள் அடுப்படிக்குப் போனால் இவன் கூடத்து விளக்கை அணைப்பான். கூடத்துக்கு வந்தால் அடுப்படி விளக்கை அணைப்பான். “அண்ணி, நான் இருட்டிலேயே குடித்தனம் பண்றேன்” என்று என்னிடம் வந்து சொல்வாள். வெளியூரில் இருக்கும் மகள்தான் ஃபோனில், “அப்பா, மறுபடி ஒரு கேமரா வாங்குங்களேன்” என்று கிளப்பிவிட்டாள். பழைய கேமரா விற்கும் கடையில் ஒன்று வாங்கினான். டார்ச் அடித்து லென்ஸுக்குள் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்து, மறுநாளும் போய் அதே லென்ஸ்தானா என்று பார்த்து, மூன்றாம் நாள் வாங்கினான்.

காலையில் கேமராவோடு கிளம்பினால் ஒன்பது மணிக்குத்தான் வருவான். எடுப்பதெல்லாம் மின்கம்பி மேல் உட்காரும் பறவைகள். முப்பத்தைந்து வருடம் கம்பத்தையே பார்த்த கழுத்து வேறு எங்கே திரும்பும். வந்ததும் திரையில் கூட்டல் குறி பட்டனை அமுக்கி அமுக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பான். சிட்டுக்குருவி அதில் ஈ மாதிரி இருக்கும். கூடுதலாக ஏதாவது வாங்கியே ஆகவேண்டும் என்றான். பாடி என்கிற கேமராவையே மாற்றுவதா, நீள லென்ஸ் வாங்குவதா என்பதுதான் கேள்வி. அந்தக் கடை ஏ.சி.யைக் கூலிங்தான் பார்ப்பது என்பதால் அவனையும் கூட்டிப் போனான்.

“பாடியை மாத்துங்க சார். இதோட காலம் முடிஞ்சுபோச்சு” என்றாராம் கடைக்காரர்.

“விக்கும்போது பத்து வருஷம் உழைக்கும்னீங்க.”

“இப்பவும் உழைக்கும் சார். உழைக்காதுன்னு சொல்லலையே.”

கூலிங் மெதுவாக, “பாடி நல்லாத்தான் மாமா இருக்கு. லென்ஸை மாத்துங்க, போதும்” என்றிருக்கிறான்.

ஒன்றும் வாங்காமல் வந்தவன் நேரே மாடியேறி என்னிடம் வந்தான். “கடைக்காரன் பாடிங்கறான். சரி, அவன் விக்கிறவன். இவன் எதுக்கு லென்ஸ்ங்கறான்? இவனுக்கு அதுல என்ன வருது?”

“எதை வாங்கினாலும் அந்தக் கடையிலதானேடா வாங்கப்போறே. அவனுக்கு என்ன வரும்?”

“அதான்க்கா இடிக்குது” என்றான்.

இப்படி இடித்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் எண் தாண்டியது. கேமரா ஒவ்வொரு படத்துக்கும் ஒரு எண் போடும். மற்றவர்கள் அதைப் பார்ப்பார்களா? இவன் வேறு எதைப் பார்ப்பான். ஒரு வியாழன் காலை கடைசிப் படம் 2216. வெள்ளி காலை முதல் படம் 2231. நடுவில் பதினாலு எங்கே? கடைக்காரரைக் கேட்டான். “யாராவது எடுத்துட்டு அழிச்சிருப்பாங்க சார். படம் அழியும், எண் திரும்பி வராது. உங்க மீட்டர் பின்னாடி ஓடுமா?”

பாவி மனிதர், அதைவிடச் சரியாக இவனுக்கு எதைச் சொல்லியிருக்க முடியும். சாயங்காலம் நாலு மணிக்கு இவன் நூலகத்துக்குப் போய்விடுவான், கேமரா அலமாரியில் இருக்கும். வியாழக்கிழமை நாலு மணிக்குத்தான் கூலிங் அக்காளைப் பார்க்க வருவான். அடுத்த வியாழனும் எண் ஏழு தாண்டியது. அதற்கடுத்த வியாழன் கேமராப் பையின் ஜிப்பில் ஒரு கறுப்பு நூலைக் கட்டிவைத்துவிட்டுப் போனான், மீட்டருக்குச் சீல் வைக்கிற மாதிரி. திரும்பி வந்து பார்த்தால் நூல் அறுந்திருந்தது.

“அன்னைக்கு மூடியைத் திறந்த கைதான்க்கா இது. எதையோ எடுக்கறான், அழிக்கறான். கேட்டா தொடவே இல்லைம்பான். இந்தத் தடவை விடறதா இல்லை. இனிமே அவன் இந்தப் படியை மிதிக்கக்கூடாது.”

“அவளுக்குப் பொறந்த வீடுன்னு இருக்கறது அவன் ஒருத்தன்தான்டா. அதை மறந்துடாதே.”

“அதனாலதான் இருபத்தெட்டு வருஷம் பொறுத்தேன்.”

அவள் முகம் எனக்குக் கண்ணுக்குள் வந்தது. அப்பா அம்மா இல்லை, வேறு கூடப்பிறந்தவர் இல்லை. இவன் ஒரு சொல் சொன்னால் அவன் ரோஷக்காரன், அப்புறம் வரமாட்டான். தடுக்க எனக்கு வழி தெரியவில்லை.

அடுத்த வியாழன் அவன் நூலகத்துக்குப் போகவில்லை. என்னைக் கீழே கூப்பிட்டு உட்காரவைத்தான். “நீங்க சாட்சிக்கா.” நாலு மணிக்குக் கூலிங் கையில் ஒரு பிளாஸ்டிக் உறையோடு வந்தான். மாமா வீட்டில் இருப்பதைப் பார்த்ததும் உறையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். அந்த ஒன்று போதாதா இவனுக்கு.

“கையில என்ன?”

“ஒண்ணுமில்ல மாமா. ஒரு பில்லு.”

“கேமராவை எடுத்தியா?”

“எந்தக் கேமராவை?”

“நூலை அறுத்தது யாரு? அன்னைக்கும் நீ தொடலை. இன்னைக்கும் நீ தொடலை. கேமரா தானாத் திறந்து தானா எடுத்து தானா அழிச்சுக்குது, இல்லையா?”

கூலிங் அக்காளைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். அவன் உறையை அவள் கையில் திணித்துவிட்டுச் செருப்பை மாட்டப் போனான். ஒரு செருப்பு மாட்டியாகிவிட்டது.

“நில்லுடா” என்றாள் அவள். பிறகு கணவனிடம், “எடுத்தது நான்தாங்க” என்றாள்.

“தம்பியைக் காப்பாத்தப் பொய் சொல்லாதே. உனக்கு அதை முடுக்கவே தெரியாது.”

அவள் அலமாரியைத் திறந்து கேமராவை எடுத்தாள். “ஏதாவது ஒரு காகிதம் குடுங்க.” கடையில் கொடுத்த லென்ஸ் விளம்பரத்தாள் மேசைமேல் கிடந்தது. அதை நீட்டினான். அவள் மேசையில் விரித்து, ஒரு கிளிக். கூட்டல் குறி பட்டனை நாலைந்து தடவை அமுக்கினாள். திரையை மூக்கில் படுகிற மாதிரி வைத்துக்கொண்டு படித்தாள்: “இந்தச் சலுகை இருப்பு உள்ளவரை மட்டுமே.”

“அது எங்க போட்டிருக்கு?” என்று ரீடிங் தாளைப் பிடுங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அடியில் எறும்பு வரிசை மாதிரி இருந்ததைப் பார்த்தான். அவனே பார்க்காத வரி. ஒரு நிமிடம் அவனுக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. பிறகுதான் அடுத்த கேள்வி வந்தது.

“காகிதம் கையிலதானே இருந்துச்சு. அதைப் படம் பிடிச்சு ஏன் படிக்கணும்?”

அவள் கேமராவை மேசைமேல் வைத்தாள். அவன் எதிர்ச் சுவரைக் காட்டினான். “அந்தக் காலண்டர்ல என்ன தேதி?”

“பதினாறு. இன்னைக்குத் தேதி எனக்குத் தெரியாதா?”

காலண்டர் தாளைத் தினமும் கிழிப்பது அவன் வேலை. இந்தச் சந்தேகக் கவலையில் நாலு நாளாகக் கிழிக்கவில்லை. சுவரில் என் உள்ளங்கை அகலத்துக்குப் பன்னிரண்டு என்று இருந்தது.

மீட்டர் பார்க்கிறவர்களில் சிலர் வெயிலுக்குச் சோம்பி வீட்டுக்குள்ளேயே போகமாட்டார்கள். வாசலில் நின்று குத்துமதிப்பாக ஒரு எண்ணை எழுதிவிட்டுப் போவார்கள். அவர்களை ரீடிங்குக்குக் கண்டாலே ஆகாது. அவன் அவள் பக்கத்தில் போய் நின்று, எனக்குக்கூடச் சரியாகக் கேட்காத குரலில், “பார்க்காமலே ரீடிங் போடறியா?” என்றான்.

கூலிங் மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். உறையில் இருந்தது கண் ஆஸ்பத்திரிச் சீட்டும் சொட்டு மருந்தும். இரண்டு கண்ணிலும் புரை. அறுவை செய்து லென்ஸ் வைக்கவேண்டும், தள்ளிப்போடக்கூடாது என்று டாக்டர் இரண்டு தடவை சொல்லியாகிவிட்டது.

“என்கிட்ட ஏன் சொல்லலை?”

“சொன்னா நீங்க லென்ஸ் வாங்கறதை விட்டுடுவீங்க. கேமராவைப் பரண்ல போட்டுட்டு மறுபடி என் பின்னாடியே விளக்கணைக்க வந்துடுவீங்க.” கொஞ்சம் நிறுத்தி, “பயமாவும் இருந்துச்சு” என்றாள்.

“அக்கா, சீட்டையெல்லாம் நான்தான் ஒரு வரி விடாம படிச்சுச் சொன்னேனே” என்றான் கூலிங். “அப்புறம் எதுக்கு அதைப் படம் பிடிச்சே?”

“நீ படிச்சே. முழுசாப் படிச்சியான்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் பயப்படுவேன்னு பாதியை முழுங்கியிருந்தா?”

“நீயுமா” என்று அவன் தலையில் கைவைத்துக்கொண்டான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டில் யார்தான் யாரை நம்பினார்கள்.

சிரிப்பு அடங்கியதும் கூலிங் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “சரி, ஒண்ணு சொல்லிடறேன் மாமா. அந்தச் சுருள். மூடியைத் திறந்தது நான்தான்.”

“தெரியும்.”

“எப்பலேர்ந்து?”

“அப்பலேர்ந்து. நீயாச் சொல்லுவியான்னு பார்த்தேன்.”

“முப்பத்தாறு படம் முடிஞ்ச பின்னாடியும் பட்டன் அமுங்கிச்சு. உள்ளே ஃபிலிம் ஓடவே இல்லையோன்னு சந்தேகம். திறந்து பார்த்துட்டேன். உள்ளே உங்க அப்பா இருக்கார்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சப்புறம் சொல்ல வாய் வரலை.”

ரீடிங் வெகுநேரம் கேமராவின் வாரைச் சுற்றிக்கொண்டே இருந்தான். “சந்தேகம்னா என்கிட்ட வந்து கேட்டிருக்கலாம்ல.”

“நீங்க மட்டும் என்கிட்ட கேட்டீங்களா மாமா?”

ரீடிங் எழுந்து போய்க் காலண்டரில் நாலு தாளையும் ஒன்றாகக் கிழித்தான். “மாப்ளே, எந்த ஆஸ்பத்திரி?” என்றான். அவன் வாயிலிருந்து மாப்ளே வந்து எத்தனை வருடம் ஆயிற்று என்று நான் எண்ணிப் பார்த்தேன்.

லென்ஸுக்கு எடுத்துவைத்திருந்த பணம் லென்ஸுக்கே போனது, கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ். அங்கேயும் ஒரு பெண் உட்கார்ந்து மூன்று விதம் காட்டியிருக்கிறாள். இவன், “இதுல பூஞ்சை பிடிக்குமா? யாருக்காவது வச்சு எடுத்ததா?” என்று கேட்டானாம். “மாமா, வாயை மூடுங்க” என்று கூலிங் அவனை வெளியே நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு வந்ததாகக் கேள்வி.

இரண்டு கண்ணும் முடிந்து, பச்சைக் கண்ணாடியெல்லாம் கழற்றிய பிறகு அவள் முதல் வேலையாகக் கேமராவை எடுத்து அவன் ஒரு வருடமாக எடுத்த பறவைகளையெல்லாம் பார்த்தாள். கூட்டல் குறியை அமுக்கினாள். மறுபடி அமுக்கினாள்.

“ஏங்க, எல்லாமே கலங்கலா இருக்கே. இவ்வளவு நாள் என் கண்தான் இப்படிக் காட்டுதுன்னு நினைச்சேன்.”

அவன் எட்டிப் பார்த்தான். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தான். “லென்ஸை மாத்தச் சொல்லி அவன் அன்னைக்கே சொன்னான்” என்றான்.

பணம் சேர ஏழெட்டு மாதமாயிற்று. அதுவரை கலங்கலாகவே எடுத்தான். பிறகு அவனும் கூலிங்கும் அந்தக் கடைக்குப் போனார்கள். அங்கே நடந்ததைக் கூலிங் வந்து சொன்னான். புது லென்ஸை மாட்டுவதற்காகப் பழையதைக் கழற்றியதும், கேமரா வாயைத் திறந்துகொண்டு உள்ளெல்லாம் தெரிய இருந்ததாம். ரீடிங் டார்ச்சை எடுக்கப் பைக்குள் கைவிட்டபடி, “இதைக் கொஞ்சம் பிடி மாப்ளே” என்று நீட்டியிருக்கிறான். கூலிங் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டானாம்.

“திறந்திருக்கு மாமா.”

“பிடிடா. இதுல ஃபிலிம் கிடையாது.”