சாலையோரம் கழற்றி வைத்த சப்பாத்து

ஸ்கூடாயிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன் நான். காலையும் மாலையும் சோதனைச் சாவடியில் முன்னால் ஒரு முதுகு, பின்னால் ஒரு ஹாரன் என்று நின்று நின்று, வாரத்தில் ஒரு நாளாவது மனிதர்களே இல்லாத சாலை ஒன்று வேண்டும் என்று ஏங்குவேன். என் மனைவி கிளினிக்கில் தாதி. நாள் முழுக்க நோயாளிகளோடு பேசி அலுத்தவளுக்கும் அதே ஏக்கம்தான். நாற்பது வயதுக்கு மேல் நாங்கள் இருவரும் சைக்கிள் வாங்கியது அப்படித்தான். பின்னால் இரண்டு பைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு ஜொகூரின் உட்பகுதிகளில் நாள் முழுக்கச் சுற்றிவிட்டு வருவோம்.

அந்தச் சனிக்கிழமை பண்டார் தெங்காராவில் காரை நிறுத்திவிட்டுக் கிளம்பினோம். செம்பனைத் தோட்டங்களைக் கடந்து, காட்டு மேட்டில் ஏறி, மறுபக்கம் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கும் செம்மண் பாதை அது. முந்தின இரவு மழை பெய்திருந்தது. தோட்டம் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் யானை படம் போட்ட மஞ்சள் பலகை இருந்தது. அதன் அருகில் மர நிழலில் ஒரு காவல் கொட்டகை. உள்ளே யாரும் இல்லை. மேசைமேல் பாதி குடித்த கோப்பி மட்டும் இருந்தது.

மேட்டில் ஏறி முடித்தபோது மணி ஒன்பதரை இருக்கும். பனி இன்னும் விலகவில்லை. இறக்கம் தொடங்கிய பிறகுதான் கவனித்தேன்: பூச்சிச் சத்தம் நின்றுபோயிருந்தது. காட்டில் அந்த இரைச்சல் ஓயாமல் காதில் விழும். நின்றால்தான் அது இருந்ததே தெரியும். மனைவியும் கவனித்திருக்க வேண்டும். பிரேக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக என் பக்கத்தில் வந்தாள்.

"யானை கிட்ட இருக்குமோ?"

"தெரியல. வளைவுல எல்லாம் மணி அடிச்சுக்கிட்டே போவோம்."

அப்படியே மணி அடித்துக்கொண்டு இறங்கினோம். மூன்றாவது வளைவை நெருங்கும்போது பாட்டு கேட்டது. பழைய தமிழ்ப் படப் பாட்டு. ஆண் குரல், பின்னால் வயலின். மனைவியின் முகத்தில் இருந்த இறுக்கம் தளர்ந்தது. "நம்ம ஆளு யாரோ இருக்காங்க," என்றாள்.

வளைவைத் திரும்பினோம். பாதையின் நடுவில் ஒரு சைக்கிள் ஸ்டாண்டு போட்டு நேராக நின்றது. எங்களுடையதைப் போலவே இரண்டு பக்கமும் பைகள். கைப்பிடியில் சிவப்புக் கயிறும் சின்னப் பிள்ளையார் ஸ்டிக்கரும். அதில் தொங்கிய சின்ன ஒலிபெருக்கிதான் பாடிக்கொண்டிருந்தது. ஆள் இல்லை.

பாதையோரப் புல்லில் ஒரு ஜோடி சப்பாத்து. காட்டைப் பார்த்தபடி அருகருகே வைக்கப்பட்டிருந்தது. காலுறைகள் மடித்து உள்ளே செருகப்பட்டிருந்தன.

சிறுநீர் கழிக்கப் போயிருப்பார் என்று முதலில் நினைத்தோம். பாட்டு முடிந்தது, இன்னொன்று தொடங்கி அதுவும் முடிந்தது. மனைவி சைக்கிளில் இருந்த தண்ணீர்ப் புட்டியைத் தொட்டுப் பார்த்தாள். ஐஸ் இன்னும் முழுதாகக் கரையவில்லை.

"வெறுங்கால்ல யாராவது இந்தக் காட்டுக்குள்ள போவாங்களா?" என்றாள்.

நான் காட்டைப் பார்த்துக் கூப்பிட்டேன். "அண்ணே! எங்க இருக்கீங்க?"

பதில் இல்லை. அவளும் கூப்பிட்டாள். இருவரும் மாறி மாறி அழைத்தோம். புதருக்குள் நாலைந்து அடி போய்ப் பார்த்தேன். ஈரச் சருகில் காலடித்தடம் எதுவும் தெரியவில்லை. திரும்பி வந்தபோது மனைவி சப்பாத்துப் பக்கத்தில் நின்று, மரங்களுக்கு நடுவே ஒரே இடத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே பிரம்புக் கொடிகளும் நிழலும்தான். என்ன பார்க்கிறாய் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினாள்.

கைப்பேசியில் லைன் இல்லை. கால் மணி நேரம் காத்திருந்தோம். ஒலிபெருக்கி பாட்டின் நடுவிலேயே சட்டென்று நின்றது, பேட்டரி தீர்ந்திருக்கும். அதன் பிறகு அங்கே நிற்க என்னால் முடியவில்லை. உதவி கூட்டிவருவோம் என்று வந்த வழியே மேடு ஏறினோம். அவள் முன்னால் போனாள், நான் பின்னால். உச்சி வரும்வரை அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

காவல் கொட்டகையில் இப்போது ஆள் இருந்தார். தோட்டத்துக் காவல்காரர், ஜாகா என்பார்கள். அறுபது வயது தாண்டிய மலாய்க்காரர். மலாயில் விவரத்தைச் சொன்னேன். தனது வாக்கிடாக்கியில் தோட்ட அலுவலகத்துக்குத் தகவல் சொல்லி, போலீசைக் கூப்பிடச் சொன்னார். பிறகு எங்களைத் தன் பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு அந்த வளைவுக்குக் கிளம்பினார்.

போகும் வழியில், "கூப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

"ரொம்ப நேரம் கூப்பிட்டோம், பாக்சிக்."

"ஜாங்கான் பாங்கில் லாகி," என்றார். இனிமேல் கூப்பிடாதே என்று அர்த்தம். "பதில் வந்தா, அது யாரோட பதில்னு உனக்கு எப்படித் தெரியும்?"

பிறகு தன் பக்கத்து ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

சைக்கிள் அப்படியே நின்றது. பைகளை யாரும் தொடவில்லை. ஆனால் புல்லில் இருந்த சப்பாத்து இல்லை. இரண்டு சப்பாத்தின் அளவுக்குப் புல் மட்டும் படிந்து கிடந்தது. ஆள் வந்து போட்டுக்கொண்டு எங்கோ கிட்டத்தில்தான் இருக்கிறார் என்று எனக்கு மகிழ்ச்சியாகக்கூட இருந்தது. ஜாகா புல்லைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார், பிக்கப்பைவிட்டு இறங்கவே இல்லை.

மதியத்துக்குள் போலீசும் போம்பா என்ற தீயணைப்புத் துறை ஆட்களும் வந்துவிட்டார்கள். எங்கள் வாக்குமூலத்தையும் தொலைபேசி எண்ணையும் வாங்கிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். அன்று இரவு வீட்டில் இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை போலீசிடமிருந்து அழைப்பு வந்தது. ஆள் கிடைத்துவிட்டார், உயிரோடு இருக்கிறார். மீன் பிடிக்கப் போன ஒராங் அஸ்லி பழங்குடி ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவரைப் பார்த்திருக்கிறார்கள். மூவாரைச் சேர்ந்தவர், மரச்சாமான் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். தனியாகச் சைக்கிளில் கிழக்குக் கரையிலுள்ள மெர்சிங் வரை போகக் கிளம்பியவராம்.

இரண்டு வாரம் கழித்து அவரே எங்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பி, வீட்டுக்கு வரச் சொன்னார். மூவாரில் ஆற்றை ஒட்டிய தாமான் குடியிருப்பில் வீடு. ஐம்பது வயதிருக்கும், வாட்டசாட்டமான மனிதர். கணுக்காலில் அட்டை கடித்த தழும்புகள் இன்னும் ஆறவில்லை. அவருடைய மனைவி தேநீரும் பலகாரமும் வைத்துவிட்டு உள்ளே போகாமல் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

"காலுறைக்குள்ள அட்டை ஏறிடுச்சு தம்பி," என்று ஆரம்பித்தார். "எடுக்கலாம்னுதான் சப்பாத்தக் கழட்டுனேன். அப்ப காட்டுக்குள்ள இருந்து சைக்கிள் மணி கேட்டுச்சு. இதுக்குள்ள யாருடா ஓட்டுறாங்கன்னு பாக்கப் போனேன். பத்தடிகூட இருக்காது. திரும்பிப் பாத்தா நீங்க ரெண்டு பேரும் என் சைக்கிள் பக்கத்துல நிக்குறீங்க."

"எங்களப் பாத்தீங்களா?" என்றேன்.

"நல்லாப் பாத்தேன். நீங்க அண்ணே அண்ணேன்னு கூப்பிட்டீங்க. இங்கதான் இருக்கேன்னு நானும் சொல்லிக்கிட்டே இருக்கேன். கையக்கூட ஆட்டுனேன். தங்கச்சி என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னாங்க. அப்புறம் ரெண்டு பேரும் கெளம்பிட்டீங்க."

என் மனைவி தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தாள்.

"காலு அசையவே இல்ல. நீங்க போன பெறகுதான் அசைஞ்சுச்சு. சப்பாத்தப் போட்டுக்கிட்டு உங்க பின்னாலயே வந்தேன். சைக்கிளு ஞாபகமே வரல பாருங்க. நீங்க மெதுவாத்தான் போனீங்க. நான் ஓடுனாலும் அதே தூரம், நடந்தாலும் அதே தூரம். தங்கச்சி மட்டும் திரும்பித் திரும்பிப் பாத்தாங்க, வா வான்னு கூப்பிடுற மாதிரி. அப்படியே ரெண்டு நாளும் நடந்தேன்."

"ஆத்த எப்படித் தாண்டுனீங்க?"

"எல்லாரும் அதத்தான் கேக்குறாங்க. நான் ஆத்தையே பாக்கல தம்பி."

அவருடைய மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "டாக்டர் என்ன சொன்னாருன்னா, உடம்புல தண்ணியும் உப்பும் கொறைஞ்சா இப்படித்தான் ஆகுமாம். அவ்வளவுதான் விஷயம்." அதைச் சொல்லும்போது அந்த அம்மா எங்கள் முகத்தைப் பார்க்காமல் என் மனைவியின் மஞ்சள் மழைச்சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று சைக்கிளில் அவள் போட்டிருந்ததும் அதுதான். வெளியே தூறல் என்பதால் யோசிக்காமல் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். விடைபெறும்போது அந்த அம்மா வாசல்வரை வந்தார், ஆனால் மறுபடி வரச் சொல்லவில்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை.

நெடுஞ்சாலை ஓய்விடத்தில் காரை நிறுத்தினேன். "நீயே தாதி. டாக்டர் சொன்னது சரிதானே?" என்று கேட்டேன்.

"சரிதான். அப்படி ஆகும்." இருக்கைப் பட்டையைக் கழற்றினாள். "ஆனா அன்னைக்கு எனக்குப் பதில் கேட்டுச்சுங்க. இங்கதான் இருக்கேன்னு. ஒரே ஒரு தடவை. நீங்க புதருக்குள்ள போயிருந்தீங்க இல்ல, நீங்கதான் சொல்றீங்கன்னு நெனச்சேன்."

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"தெரியும். வீட்டுக்கு வந்து யோசிச்சப்பதான் தெரிஞ்சுது. உங்க குரல் மாதிரியே இருந்துச்சு."

மூவார்க்காரருடைய குரலோ என் குரலைப் போலவே இல்லை. கனத்த, கரகரப்பான குரல். அவர் வீட்டில்தான் முதல் தடவையாக அதைக் கேட்டோம். அவளுக்கும் அது தோன்றியிருக்கும். நான் காரைக் கிளப்பினேன்.

இன்னும் சைக்கிள் ஓட்டுகிறோம். காட்டு மேடுகளுக்கும் போகிறோம், வேறு பாதைகளில். ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. பாதையில் அவள் என்னைக் கூப்பிட்டால் நான் வாயால் பதில் சொல்வதில்லை. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய், அவள் முகத்துக்கு நேராக நிற்கிறேன். அவளும் அப்படியே செய்கிறாள்.