நாளை ஒருத்தரும் இருமக் கூடாது

சொலாஞ் வெய்ஸேத் எங்கள் ரோஷ்வியால் ஊர் அலுவலகத்தில் முப்பது வருடமாகக் குமாஸ்தா. கடைசி இரண்டு வருடமாக அவளுடைய உண்மையான வேலை ஊருக்கு டாக்டர் பிடிப்பது. இருந்த டாக்டர் ஓய்வு பெற்றுக் கடலோரம் போய்விட்டார். அடுத்தவர் இருப்பது நாற்பது கிலோமீட்டர் தள்ளி, அதுவும் மலைப்பாதை. சொலாஞ்சின் கணவன் மார்சலினுக்கு இதயம் பழுது. அதனால் மேயரைவிட அவளுக்குத்தான் அவசரம்.

ஊரைப் பார்க்க வரும் டாக்டர்களை அவள் ஒரே வழியில்தான் கூட்டிப்போவாள். வண்டி ஓட்டுவது நான். மூன்று வளைவுக் கல்பாலம், தேவாலயம், மேலே இடிந்த கோட்டைக் கோபுரம். அங்கிருந்து பார்த்தால் ஆறு ஊரைச் சுற்றித் திரும்புவது தெரியும். ரயில் வராத ஸ்டேஷன் பக்கமும், பூட்டிக் கிடக்கும் கடைத்தெருப் பக்கமும் வண்டி திரும்பவே கூடாது.

ஆறு பேர் வந்தார்கள், போனார்கள். ஆறாவது ஆளைத் துரத்தியது நாங்களேதான். அவர் காரைவிட்டு இறங்குவதற்குள் பாதி ஊர் மருந்துச் சீட்டோடு சூழ்ந்துகொண்டது. ஒருத்தி நடுரோட்டில் காலுறையைக் கழற்றிப் புண்ணைக் காட்டினாள். மனுஷன் காபிகூடக் குடிக்கவில்லை.

ஏழாவதாக க்ளெமான்ஸ் என்ற இளம் டாக்டர் வருவதாகத் தெரிந்ததும் சொலாஞ் வீடு வீடாகப் போனாள்.

"நாளைக்கு ஒருத்தரும் இருமக் கூடாது. கைத்தடியோட வெளிய வந்தீங்க, புடுங்கி ஆத்துல போட்டுடுவேன்!"

மார்சலினுக்கும் அதே உத்தரவுதான். "சாப்பாடு நம்ம வீட்லதான். நீ பின்னறைலயே இரு. மூச்சு விடுற சத்தங்கூடக் கேக்கக் கூடாது."

"அது உனக்கு ரொம்ப நாள் ஆசையாச்சே," என்று சிரித்தான் அவன்.

அன்று எல்லாம் கூடிவந்தது. நல்ல வெயில். பாலத்தில் நின்று டாக்டர் போட்டோ எடுத்தாள். பிறகு எங்கள் இருவரோடும் மேஜையில் உட்கார்ந்து, சொலாஞ் சமைத்த வாத்துக்கறியை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"இந்த ஊர்ல நோயாளிங்களே இல்லையா, மேடம்?"

"இங்க காத்து அப்படி, டாக்டரம்மா."

கறி முடிந்து சீஸ் வைக்கும் நேரத்தில் பின்னறையில் ஏதோ விழுந்தது. சொலாஞ் பாதி எழுந்தாள். அந்த நேரம் பார்த்து டாக்டர், "செப்டம்பர்ல ஆரம்பிக்கலாம்னு தோணுது," என்றாள். சொலாஞ் உட்கார்ந்துவிட்டாள்.

"பூனை," என்றேன் நான். அந்த வீட்டில் பூனையே கிடையாது.

காபி முடிந்த பிறகுதான் சொலாஞ் பின்னறைக் கதவைத் திறந்தாள். கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் மார்சலின் கிடந்தான். தலையணை உறையைப் பல்லால் கடித்திருந்தான். டாக்டர் மண்டியிட்டு வெகுநேரம் அவன் மார்பை அழுத்தினாள். பிறகு கையை எடுத்துவிட்டாள்.

"பத்தடி தூரத்துல நான் இருந்தேனே! ஏன் கூப்பிடல?"

"கூப்பிடாதேன்னு நான்தான் சொன்னேன்," என்றாள் சொலாஞ்.

செப்டம்பரில் யாரும் வரவில்லை. எனக்கு ஊர்மேல் கோபம், மேயர்மேல் கோபம், எல்லாவற்றுக்கும் மேலாகப் பூனை என்று சொன்ன என் வாய்மேல் கோபம். அன்று சாப்பாட்டு மேஜையில் தட்டுகளை ஒதுக்கிவிட்டு க்ளெமான்ஸ் மரணச் சான்று எழுதினாள். எங்கள் ஊரில் அவள் எழுதிய சீட்டு அது ஒன்றுதான்.