மச்சானின் தேள்

என் கடையின் பின்னறை அலமாரியில், ஒரு பழைய ஊறுகாய் போத்தலுக்குள், கருந்தேள் ஒன்று காய்ந்து கிடக்கிறது. ஈப்போ புந்தோங்கில் மளிகைக் கடை வைத்திருப்பவனுக்குத் தேள் எதற்கு என்று கடையில் வேலை செய்யும் பெண் முகம் சுளிப்பாள். தூக்கிப் போட மனம் வரவில்லை. அது மச்சான் கொண்டுவந்தது. மச்சான் என்றால் சொந்தம் இல்லை. பீடோர் பக்கம் ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்தோம், அவ்வளவுதான். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது நான் ஈப்போவுக்கு வந்துவிட்டேன். அவன் அங்கேயே புல் சாக மருந்தடிக்கும் வேலையில் தங்கிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி வருவான். கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, கடைக்கு வருகிறவர்களை எல்லாம் வம்புக்கு இழுப்பான். அப்படி ஒரு ஞாயிறு இந்தப் போத்தலோடு வந்தான். உள்ளே தேள் உயிரோடு இருந்தது. காலையில் பூட்ஸைத் தட்டியபோது விழுந்ததாம். தோட்டத்தில் பிறந்தவர்கள் தட்டாமல் காலை உள்ளே விடமாட்டார்கள். நானும் இன்றுவரை சப்பாத்தைத் தட்டித்தான் போடுகிறேன். கள்ள நோட்டுப் பார்க்க வாங்கிய ஊதா விளக்கை அப்போது பின்னறை இருட்டில் சோதித்துக்கொண்டிருந்தேன். விளையாட்டாக அதைப் போத்தலின் பக்கம் திருப்பினேன். கன்னங்கரேலென்று இருந்த தேள் பச்சையும் நீலமுமாக ஒளிர்ந்தது.

“நான் அடிச்ச மருந்துலா இது. உள்ள ஊறிப்போயிருக்கு,” என்றான் மச்சான். விளக்கை வாங்கித் தன் மேல் காட்டினான். அவனுடைய வெள்ளைக் காலரும் ஒளிர்ந்தது. வாயைத் திறந்து, “பல்லு எப்படிடா இருக்கு?” என்றான். “மின்னுதுலா மச்சான்,” என்றேன். அவன் சிரிக்கவில்லை. போத்தலை அங்கேயே விட்டு, தேத்தண்ணிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டான். அடுத்த ஞாயிறு வரவில்லை. போன் போட்டால், “பேரப்புள்ளைய தூக்கவே பயமா இருக்குடா. எம்மேல உள்ளது அதுக்கும் ஒட்டிக்கிட்டா?” என்றான்.

கைப்பேசியில் தேடிப் படித்தபோதுதான் சங்கதி விளங்கியது. மருந்து வாடையே படாத பாலைவனத்துத் தேளும் ஒளிருமாம். நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியைத் தேளின் ஓட்டில் உள்ள சில பொருள்கள் வாங்கி, தெரிகிற நிறமாகத் திருப்பித் தருகின்றன. புதிதாகத் தோலுரித்த தேள் ஒளிராது. ஓடு இறுக இறுகத்தான் ஒளி வரும். எதற்காக இந்த ஏற்பாடு என்று விஞ்ஞானிகளே இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். சட்டை மின்னியது சலவைத் தூளில் சேர்க்கும் வெளுப்புப் பொருளால். பல் எல்லோருக்கும் மின்னும். மருந்து அவன் உடம்பை ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் அந்த வெளிச்சம் மருந்தில்லை.

அன்றே கடையைச் சாத்திவிட்டு, விளக்கைப் பையில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பீடோருக்குப் போனேன். அவன் வீட்டு ஜன்னலை அடைத்து, விளக்கை அவன் கையில் கொடுத்து, என் வாயைத் திறந்து காட்டினேன். “அடப்பாவி, ஒனக்கும் மின்னுதுலா!” என்று கத்தினான். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். அப்புறம் வாசலுக்குப் போய்ப் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டான். வெகுநேரம் இறக்கவே இல்லை.

போன வருஷம் மச்சான் தூக்கத்திலேயே போய்விட்டான். ஸ்டூல் அதே இடத்தில் கிடக்கிறது. வருகிறவர்கள் அதன்மேல் பையை வைக்கிறார்கள். என் மனைவி முன்பே போய்விட்டாள், பிள்ளைகள் வெளியூரில். ஞாயிற்றுக்கிழமை பஸ் சத்தம் கேட்டால் இன்னும் தலை தானாக நிமிர்கிறது. தனிமை என்றால் இவ்வளவு சாதாரணமாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

சில ஞாயிறுகளில் பின்னறைக்குப் போய் விளக்கைப் போடுகிறேன். தேள் செத்தும் ஒளிர்கிறது. அதற்கு உயிர் வேண்டாம், ஓடு போதும். பிறகு விளக்கை என் பக்கம் திருப்பி வாயைத் திறக்கிறேன். என் பல்லும் மின்னிக்கொண்டுதான் இருக்கும். எதிரே நின்று அதைச் சொல்லத்தான் ஆளில்லை.