எண்பத்தெட்டு கிலோ

தொடை எலும்பு முறிந்த அப்பாவுடன் பொன்னேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தேன். பகல் ஷிஃப்ட் ஆயாவின் பெயரை நான் கேட்டதே இல்லை. ஒல்லியான, குள்ளமான பெண்மணி. ஒரு கையை எப்போதும் இடுப்பில் ஊன்றியபடியே நடப்பார். திமிர் என்று நினைத்தேன்.

படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வந்து அப்பாவைத் தூக்கிப் புரட்டிப் படுக்க வைப்பார். "ஒண்ணு, ரெண்டு" என்பார். மூன்று சொல்வதற்குள் தூக்கிவிடுவார்.

கடைசி நாள், புரட்டி முடித்ததும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றுவிட்டார்.

"என்னம்மா ஆச்சு?"

"இடுப்பு சார். நாலு வருசமா இப்டித்தான் கீது. வெளிய சொன்னா வேலைக்கு வராதன்னுடுவாங்க."

"தனியா தூக்கலாமா? கூட ஒரு ஆளைக் கூப்பிட வேண்டியதுதானே?" என்று அதட்டினேன். அது என் வேலைக் குரல். கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் நான் சேஃப்டி ஆபீசர். இருபத்தைந்து கிலோவுக்கு மேல் யாராவது தனியாகத் தூக்கினால் மெமோ கொடுப்பவன்.

அவருக்குக் கோபமே வரவில்லை. "ஆளு ஏது சார்? தெனம் நீங்கதான் பக்கத்துல நின்னுகினு கீறீங்க."

நின்றுகொண்டுதான் இருந்தேன். அவர் வந்தாலே செல்போனோடு எழுந்து, இடைஞ்சலாக இருக்கக் கூடாதென்று ஜன்னலோரம் மரியாதையாக ஒதுங்கிக்கொள்வேன்.

அப்பாவைச் சேர்த்த அன்று நர்ஸ் எடை கேட்டபோது, யோசிக்காமல் எண்பத்தெட்டு என்று சொன்னவனும் நான்தான்.