வெட்டவெளியில் சீமாட்டி

ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் மெர்வின் டோலண்ட் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். வீட்டுக்குப் பின்னால் அடிபெருத்த போவாப் மரத்து நிழலையும் தாண்டி, புல் பூண்டு இல்லாத செம்மண் வெளியின் நடுவில் போய் நிற்பார். சத்தம் தேய்ந்து மறைந்த பிறகுதான் திரும்புவார். ஊரில் இதற்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். மதுக்கடையில், "கெழவன் ஹெலிகாப்டரைக் கைகாட்டி நிறுத்தப் பாக்குறான்டா" என்று சிரிப்பார்கள். அவர் மனைவி நோரீனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருநாள் கேட்டே விட்டாள். "காத்து வாங்கப் போனேன்" என்றார் மெர்வ். கிம்பர்லி மாதிரி வறண்ட சீமையின் உச்சிவெயிலில் எந்தப் புத்தியுள்ள மனிதன் காற்று வாங்கப் போவான்?

மெர்வ் மாட்டுப் பண்ணையில் பிறந்தவர். அப்பாவுக்கு வேலி போடும் வேலை. மழை பொய்த்த ஒரு வருடம், வற்றிப்போன குட்டையின் சேற்றில் மாடுகளும் கழுதைகளும் இடுப்பளவு புதைந்து உயிரோடு நின்றதைச் சிறுவயதில் பார்த்தார். காக்கைகள் அவற்றின் கண்களைத்தான் முதலில் தேடின. அப்பாவிடம் இருந்த தோட்டாக்கள் பாதிக்குக்கூடப் போதவில்லை. இருக்கிற புல்லுக்கு மீறி வாய்கள் பெருகினால் சாவு எப்படியும் வரும், அது மெதுவாக வருவதா சட்டென்று வருவதா என்பது மட்டும்தான் மனிதன் கையில் இருக்கிறது என்று அன்றைக்கே அவர் முடிவு கட்டிவிட்டார். பின்னாளில் ஹெலிகாப்டரில் தொங்கிக்கொண்டு கழுதைகளைச் சுடும் வேலைக்குப் போனபோது அவருக்கு எந்தக் கூச்சமும் இல்லை. பட்டணத்திலிருந்து யாராவது வந்து பாவம் புண்ணியம் பேசினால், "வாங்க, அந்தக் குட்டையைக் காட்டுறேன்" என்பார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் இந்தக் கதையின் சங்கடமே.

அந்தக் காலத்தில் வண்டியிழுக்கக் கொண்டுவந்த கழுதைகள் அவை. லாரி வந்ததும், போ என்று அவிழ்த்துவிட்டார்கள். போனவை பெருகிவிட்டன. இப்போது அவற்றுக்குப் பெயர் தொல்லை.

மலை இடுக்குகளில் ஒளிந்திருக்கும் கழுதைகளை வானத்திலிருந்து தேடுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒரு பெட்டைக் கழுதையைப் பிடித்து, கழுத்தில் ரேடியோப் பட்டை மாட்டி விட்டுவிடுவார்கள். கழுதைக்குத் தனிமை ஆகாது. எத்தனை மலை தாண்டியாவது தன் இனத்தைத் தேடிப் போய்ச் சேர்ந்துவிடும். கொஞ்ச நாள் கழித்துப் பட்டையின் சமிக்ஞையைப் பிடித்துக்கொண்டு போய், அதை மட்டும் விட்டுவிட்டு, உடன் இருப்பதையெல்லாம் சுடுவார்கள். அது மறுபடி துணை தேடிப் புறப்படும். இவர்களும் மறுபடி போவார்கள். அப்படிப்பட்ட கழுதைக்கு யூதாஸ் என்று பெயர். பைபிள் யூதாஸுக்காவது தான் செய்வது தெரிந்திருந்தது. இதற்கு என்ன தெரியும்?

யூதாஸ் கழுதைக்கு நம்பர் மட்டும்தான், பெயர் வைக்கக் கூடாது என்பது அவர்களுக்குள் ஒரு வழக்கம். அதை மீறியவள் விமானி டெஸ். மெர்வைவிட வயதில் மிகவும் சின்னவள், வாய் மட்டும் பெரியது.

"யோவ் மெர்வ், தலையை எப்படித் தூக்கி வெச்சிருக்கா பாரு. பண்ணை முதலாளி பொண்டாட்டி தோத்தா. இவ சீமாட்டிய்யா."

"பேரு வைக்காத. அப்புறம் பொறந்தநாள் கொண்டாடுவே."

சொன்னாரே தவிர, அந்தப் பெயர் அவர் நாக்கிலும் ஒட்டிக்கொண்டது.

ஒரு கோடையில் சீமாட்டி குட்டி போட்டிருந்தாள். கூட்டத்தைச் சுட்டு முடித்தாயிற்று. தூசிக்குள் அவள் வயிற்றுக்கடியில் ஒண்டி நின்றது குட்டி, நெற்றியில் ஒரு வெள்ளைச் சுட்டியோடு. குட்டியையும் சுட வேண்டும் என்பதுதான் விதி. மெர்வ் குறி வைத்தார். வைத்தபடியே இருந்தார்.

"முடிஞ்சுது. கிளம்பு" என்றார்.

டெஸ் திரும்பிப் பார்த்தாள். பார்த்ததைச் சொல்லவில்லை. ஹெலிகாப்டரைத் திருப்பினாள். அன்றிரவு மெர்வ் நன்றாகத் தூங்கினார். வாழ்க்கையில் தான் செய்த ஒரே நல்ல காரியம் என்றுகூட நினைத்துக்கொண்டார்.

அது ஆண் குட்டி. தாயைப் பிரிந்து வடக்கே எங்கோ போய், பட்டை மாட்டாத பெட்டைகளோடு சேர்ந்துவிட்டது. சில வருடங்கள் கழித்து சீமாட்டி அவர்களை ஒரு பள்ளத்தாக்குக்கு இட்டுச் சென்றபோது, கீழே ஒரு ஊரே நின்றுகொண்டிருந்தது. வளர்ந்த கழுதை முதல் கால் நிலைக்காத குட்டி வரை பாதிக்கு மேல் நெற்றியில் அதே வெள்ளைச் சுட்டி. மெர்வ் நாள் முழுக்கச் சுட்டார். துப்பாக்கிக் குழாய் சூடேறி, ஆறவிட்டு, மறுபடி சுட்டார். ஒன்றுகூட வலித்துச் சாகக் கூடாது என்று ஒவ்வொன்றின் மேலும் இரண்டாம் முறை வட்டமடிக்கச் சொன்னார்.

திரும்பும் வழியில் டெஸ்ஸின் குரல் காதுக்கருவியில் வந்தது. "அன்னிக்கு ஒரே ஒரு தோட்டாவோட போயிருக்கும், மெர்வ்."

அவள் அதைக் கோபத்தில் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். அழுதுகொண்டே சொன்னாள்.

அதற்குப் பிறகுதான் சீமாட்டி மாறினாள். ஹெலிகாப்டர் சத்தம் தூரத்தில் கேட்டதுமே கூட்டத்தை விட்டுப் பிரிந்து, மரம் மட்டை இல்லாத வெட்டவெளிக்கு நடந்து போய், தலையைத் தூக்கிக்கொண்டு தனியாக நின்றாள். துணைக்கு ஏதாவது கழுதை பின்னால் வந்தால் திரும்பி உதைத்து விரட்டினாள்.

"தந்திரக்காரி. தனியா நின்னா சுட மாட்டோம்னு கத்துக்கிட்டா" என்றாள் டெஸ்.

"இல்ல" என்றார் மெர்வ். "நாம அவளைத் தேடித்தான் வர்றோம்னு கண்டுபிடிச்சிட்டா. தன் பக்கத்துல நின்னா சாவுன்னு நினைக்கிறா. அதான் விலகிப் போறா."

"கழுதைக்கு இவ்வளவு யோசனையா? உனக்கு வயசாயிடுச்சுய்யா."

கழுதையைக் கேட்டுச் சொல்ல ஆள் இல்லை. இரண்டு பேரும் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்கள். மெர்வ் பேச்சைத்தான் விட்டார், நினைப்பை விட முடியவில்லை.

கடைசியில் அந்த வட்டாரத்தில் அவளைத் தவிர ஒரு கழுதையும் இல்லை என்று ஆயிற்று. அவளையும் முடித்துவிடுங்கள் என்று உத்தரவு வந்தது. போனபோது மாட்டு மந்தையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றாள். மாடுகள் அவளை முட்டித் தள்ளிக்கொண்டிருந்தன. சத்தம் கேட்டதும் வழக்கம்போல வெளிக்கு நடந்தாள்.

"விட்டுட்டுப் போயிடலாமா?" என்றாள் டெஸ். "ஒத்தையா என்ன பெருகிடப் போறா?"

"விட்டுட்டுப் போறது எனக்குத்தான் நல்லது. அவளுக்கு இல்ல. இறக்கு."

அந்த வேலையில் முதல்முறையாகத் தரையில் நடந்து போனார். அவள் ஓடவில்லை. அருகில் போனதும் மூக்கை நீட்டி அவர் சட்டையை முகர்ந்தாள். இத்தனை வருடங்களில் செத்துப்போகாமல் அவளிடம் திரும்பத் திரும்ப வந்த ஒரே துணை அவர்தான். மெர்வ் கத்தியால் பட்டையை அறுத்தார். அடியில் மயிர் தேய்ந்து தோல் வெளுத்திருந்தது. அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் சொறிந்துவிட்டார். பிறகு சுட்டார். அது சரியான காரியம் என்று இன்றைக்கும் சொல்வார். சொல்லும்போது உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார். அந்த வாரமே வேலையை விட்டார்.

போன மாதம் பேத்தி ஐவிக்குப் பிறந்தநாள். பின்கட்டில் சாசேஜ் வாட்டிக்கொண்டிருந்தார்கள். டெஸ்ஸும் வந்திருந்தாள். பக்கத்துப் பண்ணையில் மாடுகளை வளைத்து ஓட்டும் ஹெலிகாப்டர் ஒன்று மேடு தாண்டி எழுந்தது. மெர்வ் பீர் பாட்டிலை வைத்துவிட்டு நடக்கத் தொடங்கினார். யாரும் கவனிக்கவில்லை, ஐவியைத் தவிர. கையில் சாசேஜ் வைத்த ரொட்டியோடு, "தாத்தா, இந்தா" என்று பின்னாலேயே குடுகுடுவென்று ஓடினாள்.

வெளியின் நடுவில் அவர் திரும்பிப் பார்த்தார்.

"வராத! கிட்ட வராத! என் பக்கத்துல நிக்காத, போ!"

குழந்தை நின்றுவிட்டது. அப்போதும் போகாததைக் கண்டு, குனிந்து ஒரு மண்கட்டியை எடுத்து அதன் காலடியில் எறிந்தார். ஐவி வீறிட்டாள். நோரீன் ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டாள்.

"பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு? பச்சக் குழந்தை மேலயா கல்லெறிவே?"

அவர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. தலையைத் தூக்கி, கால்களை அகட்டி வைத்து, அசையாமல் நின்றார். அந்த நிலையை டெஸ் மேலிருந்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"தந்திரம்னு நான்தான் சொன்னேன்" என்றாள்.

"யாரை?" என்றாள் நோரீன்.

ஹெலிகாப்டர் தலைக்கு மேலே வந்து, மாடுகளின் பக்கம் திரும்பிப் போனது. சத்தம் முழுக்க அடங்கிய பிறகும் மெர்வ் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். கிட்டே போக யாருக்கும் துணிச்சல் வரவில்லை.