மாமா, மைக்கை அணைங்க!

சுடுறதை ஒரே வாரத்தில் பழக்கிடலாம், பேசுறதைப் பழக்கத்தான் ஆயுசு பத்தாது. ஆன்லைன் சண்டை விளையாட்டில் கேப்டன் வேலை பார்த்த பாவப்பட்ட ஜென்மங்கள் அத்தனை பேருக்கும் இது தெரியும்.

எனக்குத் தையல் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் கேப்டன். அணியில் நாலு பேர்: நான், என் வீட்டுக்காரர், சிவகிரி பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்த என் மாமனார், அப்புறம் வீட்டுக்காரரின் கூட்டாளி சாகுல். சாகுலுக்குக் கடையநல்லூர்; இப்போ துபாயில் இருந்து விளையாடுகிறான்.

தகுதிச் சுற்றில் முதலாவதாக வந்தால் மதுரையில் இறுதிப் போட்டி. மேடையில் கேப்டன் பேரை மைக்கில் சொல்லிக் கூப்பிடுவார்களாம். கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு என் பேரை நாலு பேர் முன்னால் யாரும் வாசித்ததில்லை. வீட்டில் ‘ஏட்டி’, கடையில் ‘தையக்காரக்கா’. எனக்கு அந்த ஒரு நிமிஷம் வேணும், அவ்வளவுதான். அதனால் அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் மைக்கில் பேசுவதற்கு விதி எழுதினேன். என்ன ஆச்சுன்னு கேளுங்க.

ஏங்க

முதல் நாள், வீட்டுக்காரருக்குப் பின்னால் ஒருத்தன் துப்பாக்கியோடு வந்தான். “ஏங்க, பின்னாடி!” என்று கத்தினேன். மூணு ஆம்பளைகளும் ஒண்ணாகத் திரும்பினார்கள். மூணு பேரும் முன்னால் நின்ற இன்னொருத்தனிடம் சூடு வாங்கிச் செத்தார்கள்.

அன்றைக்கே விதி போட்டேன்: மைக்கில் பேர் சொல்லித்தான் கூப்பிடணும். அடுத்த ஆட்டத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்காரரை “முருகன், குனி!” என்றேன். அடுப்படியில் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. அத்தை வாசல் வரை வந்து என்னை மேலும் கீழும் பார்த்துச் சொன்னாள்: “சாமியக் கூப்பிட்டேன்னு சொல்லு, இந்த ஒரு தடவ விட்டுருதேன்.”

சுகம் கேட்காமலா?

சாகுலின் நோய் வேறு. ஆட்டம் தொடங்கினதும் விமானத்தில் இருந்து குதித்து, தரை வருவதற்குள் எங்கன இறங்கணும்னு நான் சொல்லி முடிக்கணும். அவன் விட்டால்தானே! “மதினி, நல்லா இருக்கியளா? பாப்பாக்குக் காய்ச்சல் விட்டுட்டா? மாமா, முட்டுவலி எப்படி? அங்கன மழை உண்டுமா?” மாமாவும் மனுஷன், எந்த முட்டில் எப்படி வலிக்குதுன்னு விளக்க ஆரம்பித்துவிட்டார்.

எல்லாம் கேட்டு முடித்த பிறகு சாவகாசமாக, “மாடியில ஒருத்தன் நிக்கான் மதினி” என்றான். அதற்குள் எங்களில் ரெண்டு பேர் காலி. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. கொஞ்சம் அதிகமாகவே ஏசிவிட்டேன். அவனுக்கும் மூஞ்சி சுருங்கியிருக்கும், குரலிலேயே தெரிந்தது. “எடுத்த எடுப்புலயே துப்பாக்கியா மதினி? நாம என்ன மனுசங்க இல்லையா?”

மாலை

செத்தால் உடனே சொல்லணும், சுத்தி வளைக்கக் கூடாது. இதுவும் நான் போட்ட விதிதான். மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை கிணற்றடியில் குண்டு வாங்கினார். நான் பதறிப்போய், “ஐயையோ, மாமா செத்துட்டாக!” என்று கத்தினேன். காதில் ஹெட்போன் இருந்தால் நம்ம குரல் எவ்வளவு சத்தம்னு நமக்குத் தெரியாதே.

பத்து நிமிஷத்தில் தெருவே வாசலில். எதிர்த்த பூக்கடை அண்ணாச்சி கையில் ரோஜா மாலை. உள்ளே மாமா நாற்காலியில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தார். அத்தை என்னோடு ரெண்டு நாள் பேசவில்லை. அதிலிருந்து எங்கள் அணியில் யாரும் சாவதில்லை, ‘ஊருக்குப் போயிட்டாக’தான். பூக்கடை அண்ணாச்சி மாமாவை ஒரு பார்வை பார்த்தார், மாலையை ஒரு பார்வை பார்த்தார். “கொண்டுவந்த மாலையத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது, போட்டுக்கிடுங்க.”

ஹோல்டான்!

தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம். நாங்கள் மூணு பேரும் ஊருக்குப் போய்விட்டோம். மிச்சம் மாமா ஒருத்தர். எதிரணியில் ரெண்டு பேர், ஜீப்பை அவர் மேல் ஏத்தப் பறந்து வருகிறார்கள். அவர் மைக்கோ, எதிரிக்கும் கேட்கிற பட்டனில் கிடக்கிறது. தலைதலையாய் அடித்துக்கொண்டேன். “மாமா, மைக்கை அணைங்க!” என்று கத்தினேன். போச்சு, மதுரை போச்சு என்று கண்ணில் தண்ணியே வந்துவிட்டது.

மாமா ஓடவுமில்லை, ஒளியவுமில்லை. முப்பது வருஷத் தொண்டையைத் திறந்தார். “ஹோல்டான்! எறங்கு, எறங்கு, சீக்கிரம் எறங்கு!” ஜீப் நின்றது. சத்தியமாகச் சொல்லுதேன், ரெண்டு பேரும் இறங்கினார்கள். மாமா ஆளுக்கு ஒரு குண்டு கொடுத்தார். ஆட்டம் முடிந்ததும் எதிரணி கேப்டன் தன் ஆளை ஏசுவது எங்களுக்கும் கேட்டது. “ஏம்ல எறங்குன?” என்றதற்கு அவன் அழாத குறையாகச் சொன்னான்: “கண்டக்டர் சொன்னாரு, எறங்கிட்டேன்.”

மதுரை

மண்டபம் நிறைய ஆள். சாகுலும் லீவு போட்டு வந்திருந்தான். எங்கள் அணியின் பேரைச் சொன்னார்கள். “கேப்டன்...” என்றதும் மேடை மைக் செத்துவிட்டது. அறிவிப்பாளர் வாய் அசைகிறது, சத்தம் இல்லை. என் ஒரு நிமிஷம் அப்படியே போய்க்கொண்டிருந்தது. நடப்பதா நிற்பதா தெரியாமல் நடுவழியில் நின்றேன்.

அன்றைக்கு முதல் ஆட்டத்திலேயே நாலு பேரும் ஊருக்குப் போய்விட்டோம், அது கிடக்கட்டும். அதற்கு முன்னால், கடைசி வரிசையில் இருந்து மைக் இல்லாமல் மண்டபமே திரும்பிப் பார்க்க ஒரு சத்தம் வந்தது. இத்தனை வருஷம் என்னை ‘ஏட்டி’ என்றே கூப்பிட்ட மாமா சொன்னார்: “கேப்டன் கோமதி ஏறுதாக, வழி விடுங்க... போலாம் ரைட்!”

நோட்டில் எழுதிய விதி எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். ஆனால் மாமாவின் மைக்கை மட்டும் இப்பவும் நானே அணைத்துக் கொடுக்கிறேன், அது இல்லாமலே தெருமுனை வரை நல்லாக் கேட்குது.