பட்டி பூசிய இடம்

அடையாறில் கடலுக்குப் பக்கமாகக் குடியிருந்தால் ஜன்னல் கம்பியும் காரும் போட்டி போட்டுக்கொண்டு துருப்பிடிக்கும். எங்கள் காருக்குப் பதினேழு வயது. “தள்ளிவிடுங்கள்” என்று மனைவி நச்சரித்துக்கொண்டிருந்த நேரத்தில், வலது பின்கதவுக்குக் கீழே ஓடும் தகரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை விழுந்தது. அவள் கண்ணில் பட்டிருந்தால் அன்றைக்கே காரை விற்கச் சொல்லியிருப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, பழைய நியூஸ்பேப்பரைச் சுருட்டி ஓட்டைக்குள் திணித்தேன். மேலே பட்டிப் பசை பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கறுப்பு பெயிண்டும் அடித்தேன். தொட்டுப் பார்த்தாலும் தெரியாது. எனக்கே பெருமை தாங்கவில்லை.

எட்டு மாதம் போயிருக்கும். மழை நாளில் டிரைவர் சீட்டின் கால்மிதி ஈரமாகவே இருக்கிறதே என்று தூக்கிப் பார்த்தால், கீழே ரோடு தெரிந்தது. இதற்குப் பட்டி போதாது என்று எனக்கே புரிந்தது. மயிலாப்பூரில் ஒரு சந்துக்குள் டிங்கரிங் கடை வைத்திருந்த பாயிடம் வண்டியைக் கொண்டுபோனேன்.

துருவைச் சுரண்டிக்கொண்டே பாய் சிரித்தார். “போன வாரம் ஒரு வண்டி வந்துச்சு சார். ஓட்டையில பேப்பரத் திணிச்சி பட்டி போட்டுக்கீறான். படிச்ச ஆளு வேற!”

நானும் சிரித்தேன். அவரைவிடச் சத்தமாகவே சிரித்தேன்.

முன்பக்கத் தரையை வெட்டியெடுத்து, புதுத் தகரம் வைத்து வெல்டிங் முடித்தார். “பின்னாடியும் துரு கீதான்னு பாத்துடறேன். ரெண்டு நிமிஷம்” என்று ஜாக்கியை உருட்டிவந்தார். நேராக என் கைவேலைக்கு அடியில் வைத்தார். வண்டி மெல்ல எழும்பியது. சக்கரத்தைக் கழற்றி ஓரமாகச் சாய்த்துவிட்டு, சாக்கை விரித்து அதன்மேல் மல்லாந்து உள்ளே நகர்ந்தார். இடுப்புவரை மறைந்துவிட்டார். கால்கள் மட்டும் வெளியே.

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். ஆனால் இப்போதுதானே அவரோடு சேர்ந்து சிரித்தேன்? எந்த முகத்தோடு சொல்வது? தாங்கும், இவ்வளவு நேரம் தாங்கிவிட்டதே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்போது கறுப்பு பெயிண்டில் மயிரிழை போல ஒரு கீறல் ஓடியது. உள்ளே பாய் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

“பாய், வெளிய வாங்க!”

“இன்னா சார்?”

“வாங்க பாய், சீக்கிரம்!” கத்திக்கொண்டே அவர் கணுக்காலைப் பிடித்து இழுத்தேன். அவர் திட்டியபடி வெளியே வந்தார். எழுந்து உட்காரக்கூட இல்லை, அதற்குள் ஜாக்கி பட்டியைப் பொத்துக்கொண்டு உள்ளே போனது. வண்டி தொம்மென்று தரையில் இறங்கியது. சாக்கின் மேல் பேப்பர் துண்டுகள் உதிர்ந்தன.

பாய் ஒரு துண்டை எடுத்துப் பார்த்தார். அடிப்பார் என்றே நினைத்தேன். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார். அப்புறம் திரும்பிக் கேட்டார்.

“இந்த எடத்துக்கு மேல, பின் சீட்ல யாரு சார் உக்காருவாங்க?”

இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள். அந்த எட்டு மாதமும் தினமும் காலையில் அந்தக் கதவோரமாக உட்கார்ந்துதான் ஸ்கூலுக்குப் போனாள். அவளை நினைத்து நான் ஒரு நாள்கூடப் பயந்ததில்லை. இப்போதுதான் பயந்தேன்.

“யாரும் உக்கார மாட்டாங்க, பாய்” என்றேன்.

பின் சீட்டில் பிஸ்கட் தூள் சிந்திக் கிடந்தது. கண்ணாடியில் பூனைக்குட்டி ஸ்டிக்கர்கள், குழந்தைக்குக் கை எட்டும் உயரத்தில். பாய் குனிந்து அதைப் பார்த்தார். பிறகு சுத்தியலை எடுத்தார்.

“வேற எங்கல்லாம் பூசி வெச்சிக்கீறீங்க? அத்தயாச்சும் சொல்லுங்க சார்.”